பழைய இரும்பு சாயில் பைப்பில் புது பிவிசி பைப்பைச் சேர்ப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

எங்கள் குடியிருப்பு 1983-ல் கட்டியது. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, பின்பக்கம் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு ஒரு டக்ட், அதற்குள் மூன்று பைப். அதில் ஒன்று நாலு இஞ்ச் சி.ஐ. சாயில் பைப், அதாவது கழிப்பறைக் கழிவு இறங்கும் வார்ப்பிரும்புக் குழாய். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து, ராத்திரியில் ஹாலைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போவதே பெரும்பாடாகிவிட்ட பிறகு, அவர் படுக்கும் அறையை ஒட்டிய பின்பால்கனியில் சின்னதாக ஒரு கழிப்பறை கட்டினோம். சுவர் எழும்பி, டைல்ஸ் ஒட்டி, புது பிவிசி பைப்பும் வந்து இறங்கியாயிற்று. வந்த பிளம்பர் பிவிசியைப் பழைய இரும்பின் வாய்க்குள் செருகி, சுற்றிலும் சிமெண்டை அப்பி, அதன்மேல் எபாக்சி பசையைப் பூசி, அரை மணி நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது கோடையில் அந்த சிமெண்ட் வளையம் முழுக்க முடி அளவுக்கு விரிசல் ஓடியது. முதலில் நாற்றம், அப்புறம் சுவரில் மஞ்சள் கோடு, அப்புறம் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

அவர் கெட்ட பிளம்பர் இல்லை. பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். இரும்பும் பிவிசியும் வெயிலில் ஒரே அளவுக்கு நீளாது என்பதுதான் சிக்கல். மூன்று மீட்டர் பிவிசி பைப், காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் இடையே முப்பது டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட ஆறு மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. தினமும் இந்த இழுபறி நடக்கிறது, நடுவில் சிமெண்ட் கல்லாக நிற்கிறது. போதாததற்கு சிமெண்ட் பிவிசியின் வழவழப்பில் ஒட்டவே ஒட்டாது, சும்மா சுற்றி உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்க்க வேண்டியது ரப்பர். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அளவும் பொறுமையும்தான்.

அதே ஜாயிண்டை இன்னொரு பிளம்பரோடு கூட நின்று நானே பிரித்து மறுபடி செய்தேன். அதற்கப்புறம் தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டு இடத்தில் செய்தாயிற்று. அந்த மூன்று வேலையிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பைப் எது என்று முதலில் பாருங்கள்

பழைய கட்டடங்களில் கழிப்பறைக் கழிவுக்குத் தனி பைப், குளியலறை, சமையலறைத் தண்ணீருக்குத் தனி பைப். முன்னது சாயில், பின்னது வேஸ்ட். மூன்றாவதாக மொட்டைமாடி மழைத்தண்ணீர் பைப் ஒன்றும் பக்கத்திலேயே ஓடும். மூன்றும் ஒரே பெயிண்டில் இருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கீழே போய்ப் பார்த்தால் வேஸ்ட் பைப் ஜல்லடை மூடி போட்ட கல்லி டிராப்பில், அதாவது தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் சின்னத் தொட்டியில் வந்து விழும், சாயில் பைப் நேராக மூடிய சேம்பருக்குள் போகும், மழைத்தண்ணீர் பைப் தரைமட்டத்தில் வெளியே திறந்திருக்கும் அல்லது மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகும். அப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால், மாடி வீட்டுக் கழிப்பறையில் அரை வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றச் சொல்லிவிட்டு, கீழே சேம்பர் மூடியைத் திறந்து எந்த வாயில் நீலம் வருகிறது என்று பாருங்கள். பத்து ரூபாய் சோதனை, ஆனால் பெரிய தப்பைத் தடுக்கும். மழைத்தண்ணீர் பைப்பில் கழிவைச் சேர்த்துவிட்டால் அது வடிகாலில் போய், சென்னையில் என்றால் கடைசியில் கூவத்திலோ அடையாற்றிலோ பக்கிங்காம் கால்வாயிலோதான் கலக்கும்.

வேஸ்ட் பைப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், கழிப்பறையை சாயிலிலும் தரைத்தண்ணீரை வேஸ்ட்டிலும் தனித்தனியாகவே சேருங்கள். வேறு வழியில்லாமல் தரைத்தண்ணீரையும் சாயிலில் சேர்ப்பதாக இருந்தால், தரையில் வைக்கும் டிராப்பில் குறைந்தது 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், 75 இருந்தால் இன்னும் நல்லது. பழைய ஆழமில்லாத நாணி டிராப் இதற்கு ஆகாது. மேல்மாடியில் ஒருவர் ஃப்ளஷ் பண்ணும்போது பைப்புக்குள் ஓடும் காற்று அந்தக் கொஞ்சத் தண்ணீரை உறிஞ்சிவிடும், அப்புறம் குளியலறை முழுக்க சாக்கடை வாடை.

இரும்பா, ஏ.சி. பைப்பா

இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி, தாண்டிப் போகாதீர்கள். பழைய கட்டடங்களில் சி.ஐ. மட்டுமில்லை, ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பைப்பும் நிறைய உண்டு. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டவில்லை, பெயிண்டைச் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் மாதிரி இருக்கிறது என்றால் அது ஏ.சி. பைப், அதன்மேல் கிரைண்டர் படக் கூடாது. அறுக்கும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. அப்படிப்பட்ட பைப்பைப் புதியவர்கள் தொட வேண்டாம். அந்த வேலை தெரிந்தவர்களைக் கொண்டு ஈரப்படுத்தி, அறுக்காமல், ஜாயிண்ட் ஜாயிண்டாகக் கழற்றி முழுசாக மாற்றுவதுதான் முறை. இனி நான் சொல்வதெல்லாம் இரும்புக்கு மட்டும்.

இரும்புதான் என்று தெரிந்ததும் சின்னச் சுத்தியலால் மேலும் கீழும் லேசாகத் தட்டுங்கள். நல்ல பைப் மணி மாதிரி கணீரென்று சொல்லும். செத்த சத்தம் வந்தால் விரிசலோ, உள்ளே அரித்துப் போனதோ இருக்கும். சுவர்ப் பக்கம்தான் முதலில் அரிக்கும், அது நம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் செல்போனை பைப்புக்குப் பின்னால் நீட்டி ஒரு வீடியோ எடுத்துப் பார்த்துவிடுங்கள். நான் போன இரண்டாவது வீட்டில் முன்பக்கம் பளபளவென்று பெயிண்ட், பின்பக்கம் விரல் நுழையும் ஓட்டை. அந்த நிலையில் புது ஜாயிண்ட் போடுவது வீண். சங்கத்தைக் கூட்டி மொத்தப் பைப்பையும் மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் அளவு. கடைக்காரர் நாலு இஞ்ச் என்றால் நாலு இஞ்ச் என்று நம்பி ரப்பர் வாங்காதீர்கள். சி.ஐ. பைப்பை உள்விட்டத்தால் சொல்கிறார்கள், பிவிசியை வெளிவிட்டத்தால் சொல்கிறார்கள். நாலு இஞ்ச் சி.ஐ.யின் வெளிவிட்டம் பெரும்பாலும் 110 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும், புது பிவிசியும் 110, ஆக அதிர்ஷ்டம் நம் பக்கம்தான், ஆனாலும் நாற்பது வருஷப் பெயிண்டும் துருவும் ஏறியிருக்கும். பெயிண்டையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஒரு நூலைப் பைப்பைச் சுற்றிக் கட்டி, அந்த நூலை அளந்து 3.14-ஆல் வகுத்தால் வெளிவிட்டம் வந்துவிடும். 345 மில்லிமீட்டர் நூல் என்றால் 110. அந்த நூலையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வாங்க வேண்டியவை

பைப் எஸ்.டபிள்யூ.ஆர். வகை, சாயில், வேஸ்ட், ரெயின் என்பதன் சுருக்கம். பைப்பின் மேலேயே ஐ.எஸ். 13592 என்றும் டைப் ஏ அல்லது டைப் பி என்றும் அச்சிட்டிருக்கும். டைப் ஏ மழைத்தண்ணீருக்கும், காற்றுப் போகும் வெண்ட் பைப்புக்கும். கழிவுக்கு டைப் பி. விலை குறைவாக இருக்கிறதே என்று கடைக்காரர் ஏ-யைத் தள்ளிவிடுவார், பார்த்து வாங்குங்கள். அதே 110-க்கு ஒரு ஒய், அதாவது Y எழுத்து மாதிரி கிளை சரிவாகப் பிரியும் இணைப்புத் துண்டு. டீயை விட ஒய் நல்லது, கழிவு சரிந்து இறங்கும், எதிர்ச்சுவரில் மோதாது. ஒய்யின் கிளை சரிவாக நிற்கும் என்பதால் அதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு 45 டிகிரி பெண்ட்டும் வேண்டும். அதில் டோர் வைத்த வகையாகக் கிடைத்தால் அதையே எடுங்கள், என்றாவது அடைத்துக்கொண்டால் திறந்து குத்தலாம்.

முக்கியமான சாமான், இரண்டு ரப்பர் கப்ளிங். கெட்டியான ரப்பர் குழாய், மேலே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை, இரண்டு பக்கமும் திருகி இறுக்கும் கிளிப். இரும்புப் பட்டை இல்லாமல் வெறும் ரப்பர் மட்டும் உள்ளதும் கிடைக்கும், அது நாளடைவில் தொய்ந்து மேல் பைப்பும் கீழ்ப் பைப்பும் ஒன்றுக்கொன்று விலகி நிற்க விட்டுவிடும். எல்லாத் தெருக்கடையிலும் இது இருக்காது. சென்னைக்காரர்கள் பாரிமுனைப் பக்கம் விசாரிக்கலாம், மற்றவர்கள் இணையத்தில் வாங்கலாம். கடையில் இல்லையென்று பழைய டயர் ட்யூபை வெட்டிச் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். சில கப்ளிங்கின் உள்ளே நடுவில் ஒரு வரப்பு இருக்கும். அது இருந்தால் கப்ளிங்கை முழுசாக மேலே ஏற்ற முடியாது, நம் வேலை நடக்காது. வரப்பு இல்லாததாகப் பாருங்கள், கிடைக்காவிட்டால் கூரான கத்தியால் அதைச் சீவி எடுக்கலாம்.

மேற்கொண்டு பைப் அளவுக்கு இரண்டு இரும்புக் கிளாம்ப், 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட், நாலு இஞ்ச் கிரைண்டர், இரும்பு அறுக்கும் மெல்லிய வீல் மூன்று, ரசமட்டம், அரம், கண்ணாடி, கெட்டிக் கையுறை, மாஸ்க், பழைய சாக்கு. டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள், துருப்பிடித்த சாக்கடை இரும்பு கையைக் கிழிப்பது ரொம்பச் சுலபம்.

மேல்வீட்டுக்காரர்கள்

சாயில் பைப் எல்லாருக்கும் பொது. உங்கள் பால்கனிப் பக்கம் போகிறது என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. சங்கத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு நாள் குறித்து மேலே உள்ள எல்லா வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டதை நம்பாதீர்கள். நான் பத்திலிருந்து ஒரு மணி வரை யாரும் கழிப்பறைக்குப் போக வேண்டாம் என்று முந்தின நாளே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். பதினொன்றரைக்குப் பைப் திறந்து கிடக்கிறது, நான் அதற்கு நேர்கீழே தலையை நீட்டி அரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், மூன்றாவது மாடியில் ஃப்ளஷ் சத்தம். அந்த வீட்டுக்குக் காலையில் ஊரிலிருந்து பெரியப்பா ஒருவர் வந்திறங்கியிருக்கிறார், அவருக்கு யாரும் சொல்லவில்லை. சத்தத்துக்கும் தண்ணீர் வருவதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கிறது, அதற்குள் பின்வாங்கிவிட்டேன், முழுசாக இல்லை.

இப்போதெல்லாம் நானே மேலே போய் ஒவ்வொரு சிஸ்டர்னின் ஆங்கிள் வால்வையும் மூடி, ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணித் தொட்டியைக் காலி செய்து, கழிப்பறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டு வருகிறேன். வீட்டுக்காரர்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அறுப்பதற்கு முன் தாங்குங்கள்

புதியவர்கள் கண்ணில் படாத ஆபத்து இதுதான். நாலு இஞ்ச் சி.ஐ. பைப் ஆறடி நீளத்துக்குப் பதினாறிலிருந்து இருபது கிலோவுக்கு மேல் வரும், பழைய கனமான வார்ப்பா லேசான வார்ப்பா என்பதைப் பொறுத்தது. நீங்கள் முதல் மாடியில் அறுக்கிறீர்கள், மேலே இன்னும் இரண்டு மாடியும் மொட்டைமாடி வெண்ட்டும் இருக்கிறது என்றால், உங்கள் தலைக்குமேல் நூறு கிலோ இரும்பு தொங்குகிறது. அதை இத்தனை நாள் தாங்கியது ஒவ்வொரு பைப்பின் காதிலும் அடித்திருந்த ஆணி. நாற்பது வருஷத்தில் அந்த ஆணி எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். அடிப்பைப் தாங்கிக்கொண்டிருப்பதால்தான் மேலே உள்ளது நிற்கிறது, நீங்கள் நடுவில் ஒரு துண்டை எடுத்த கணத்தில் அது இறங்கும்.

அறுக்கும் இடத்துக்கு மேலே முதல் சாக்கெட்டுக்கு, அதாவது பைப் அகன்று வளையம் போல் நிற்கும் இடத்துக்கு நேர்கீழே ஒரு கிளாம்ப். சாக்கெட்டின் விளிம்பு கிளாம்ப்பின் மேல் உட்கார வேண்டும், அப்போதுதான் எடை வழுக்காமல் இறங்கும். ஆங்கர் போல்ட் செங்கலின் நடுவில் அல்லது கான்கிரீட்டில் பிடிக்க வேண்டும், பூச்சிலோ செங்கல் இடுக்கிலோ பிடித்தால் பயனில்லை. அறுக்கும் இடத்துக்குக் கீழேயும் ஒரு கிளாம்ப், கீழ்ப் பைப் அசையாமல் இருக்க. இரண்டையும் இறுக்கிவிட்டுப் பைப்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வேலையை நிறுத்துங்கள். இந்தக் கிளாம்ப்கள் நிரந்தரம், வேலை முடிந்ததும் கழற்றக் கூடாது.

அறுக்காமல் முடியுமா

சில சமயம் முடியும். பழைய பைப்பில் பயன்படாத கிளை ஒன்று ஏற்கெனவே இருக்கலாம், மூடிவைத்த வாயோடு. அப்படி இருந்தால் கிளையின் சாக்கெட்டை மட்டும் அறுத்துவிட்டு, மீதியுள்ள வெறும் குழாய்ப் பகுதியின் மேல் ரப்பர் கப்ளிங்கை ஏற்றிப் பிவிசியைச் சேர்த்துவிடலாம். குழாய்ப் பகுதி இரண்டு இஞ்சாவது வேண்டும், இல்லாவிட்டால் கப்ளிங் பிடிக்காது. எங்கள் வீட்டில் சிமெண்டை உடைத்து எடுத்துவிட்டு இதைத்தான் செய்யப் பார்த்தோம், கிளை கட்டையாக இருந்ததால் முடியவில்லை.

பழைய சாக்கெட்டுக்குள் சணலும் அதன்மேல் ஈயமும் இருக்கும், அந்தக் காலத்து ஜாயிண்ட் முறை அது. ஈயத்தை உருக்கி எடுக்கலாம் என்று ப்ளோலாம்ப்பைத் தூக்காதீர்கள். ஈயப் புகை நஞ்சு. பிவிசி எண்பது டிகிரிக்கே துவண்டுவிடும், ஈயம் உருகுவது 327-ல். எடுத்தே ஆக வேண்டுமென்றால் டிரில்லால் வரிசையாக ஓட்டை போட்டு நெம்பி எடுங்கள், துகளையெல்லாம் ஒரு பாட்டிலில் சேருங்கள், சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அறுப்பது

எங்கே அறுப்பது? புதுக் கழிப்பறையிலிருந்து வரும் பைப் வாட்டத்தோடு வந்து சேரும் உயரத்தில். ஏற்கெனவே உள்ள இன்னொரு கழிப்பறைக் கிளைக்கு நேர் எதிரே, ஒரே மட்டத்தில் வேண்டாம், ஒன்றின் கழிவு மற்றதற்குள் பாயும். பைப் தரையில் வந்து வளைகிற இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், அங்கே தண்ணீர் தடுமாறி எதிர்த்து ஏறும். தரைத்தளத்துக் கழிப்பறை என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை, அதை நேராக சேம்பருக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

முதலில் ஒய்யைத் தயார் செய்யுங்கள். ஒய்யின் மேல் சாக்கெட்டில் அரையடி பிவிசித் துண்டு ஒன்றைப் பொருத்துங்கள், கீழ் வாலும் அதே மாதிரி நாலு இஞ்சாவது வெறும் குழாயாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், கப்ளிங் அங்கேதான் பிடிக்கப்போகிறது. ஒட்டிக் காய்ந்ததும் மொத்த நீளத்தை அளந்து, அதோடு 10 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் அறுக்க வேண்டிய இடைவெளி. பிவிசி இரும்பில் முட்டாமல் மேலே அஞ்சு, கீழே அஞ்சு மில்லிமீட்டர் மூச்சுவிட இடம்.

கோட்டை நேராகப் போட ஒரு வழி: செய்தித்தாளை நீளமாக மடித்துப் பைப்பைச் சுற்றிவிடுங்கள், விளிம்பும் விளிம்பும் ஒன்றாகச் சேர்ந்தால் அது நேர்கோடு, அதை ஒட்டிச் சாக்பீஸால் வரையுங்கள். மேலே முதலில் அறுங்கள். கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்தாமல், முதலில் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு, அப்புறம் அதே கோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம். சுவர்ப் பக்கம் கிரைண்டர் நுழையாது. அங்கே ஹேக்ஸா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து அறுக்க வேண்டியதுதான், எனக்கு அந்தப் பக்கம் மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. பொறுமை போய்ச் சுத்தியலை எடுத்தால் வார்ப்பிரும்பு கண்ணாடி மாதிரி நீளவாக்கில் பிளக்கும், பிளவு சாக்கெட்டு வரை ஓடும், அத்தோடு ஒரு பைப் போச்சு.

பொறி பறக்கும். சாயில் பைப்புக்குள் எரியும் வாயு இருக்கலாம், ஆகவே அறுக்கும் முன் மேலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் விட்டு, வெண்ட் பைப்பின் உச்சியில் உள்ள கவுல் மூடி அடைத்திருக்கிறதா என்று மொட்டைமாடியில் பார்த்துவிட்டு வாருங்கள். காக்கைக் கூடு இருந்து நான் பார்த்திருக்கிறேன். டக்ட்டுக்குள் காற்றோட்டம் வேண்டும், அறுபட்ட வாய்க்கு நேரே மூக்கை வைக்க வேண்டாம். கீழ்த் துண்டையும் அறுத்து நடுத்துண்டை எடுக்கும்போது இரண்டு பேர் பிடியுங்கள். எடுத்த உடனே கீழ் வாயில் ஈரச் சாக்கைத் திணியுங்கள். ஸ்பேனரோ போல்ட்டோ அதற்குள் விழுந்தால் சேம்பரில் போய்த் தேட வேண்டும். அங்கேயும் மூடியைத் திறந்து மேலிருந்து கொக்கியால் எடுப்பதோடு சரி, யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஆளை இறக்கிக் கழிவை அள்ள வைப்பது 2013 சட்டப்படி குற்றம், சட்டத்தை விடுங்கள், அந்த வாயுவில் ஆள் செத்துப்போவார்.

சேர்ப்பது

அறுபட்ட இரும்பு விளிம்புகளை அரத்தால் தேய்த்துக் கூர்மை இல்லாமல் மழுக்குங்கள், வெளிப்பக்கம் இரண்டு இஞ்ச் உயரத்துக்குத் துருவும் பெயிண்டும் போய் வழவழவென்று ஆக வேண்டும். ரப்பர் அங்கேதான் உட்காரும், ஒரு சின்னப் பெயிண்ட் பொருக்கு போதும் கசிய.

கப்ளிங்கின் ஸ்டீல் பட்டையைக் கழற்றிப் பைப்பில் மாட்டி மேலே தள்ளிவையுங்கள். ரப்பருக்குள் சோப்புத் தண்ணீர் தடவி மேல் இரும்பில் முழுசாக ஏற்றிவிடுங்கள். இன்னொன்றைக் கீழ் இரும்பில் முழுசாக இறக்குங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது, ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். இப்போது சாக்கை வெளியே எடுத்துவிட்டு (இதை மறந்தவர் உண்டு), ஒய்யை இடைவெளியில் நிறுத்துங்கள். கிளை கழிப்பறைப் பக்கம் சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒருவர் பிடித்திருக்க மற்றவர் மேல் ரப்பரைக் கீழே இழுத்துப் பாதி இரும்பிலும் பாதி பிவிசியிலும் வருமாறு வைக்க வேண்டும், கீழே உள்ளதை மேலே இழுக்க வேண்டும். பாதி எது என்று அப்போது கண்டுபிடிக்க முடியாது, முன்னாலேயே பைப்பில் சாக்பீஸால் குறித்து வையுங்கள். அப்புறம் ஸ்டீல் பட்டை, அப்புறம் கிளிப். மேல் கிளிப்பைக் கொஞ்சம், கீழ்க் கிளிப்பைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ரப்பர் பட்டையின் ஓரத்தில் லேசாகப் பிதுங்க ஆரம்பித்தால் போதும், அதற்குமேல் முறுக்கினால் கிளிப்பின் மரை போய்விடும்.

கழிப்பறையிலிருந்து ஒய் வரை வரும் பைப்புக்கு அடிக்கு இரண்டு நூல் வாட்டம், அதாவது கால் இஞ்ச். ஓரடி ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் அந்த அளவு கனமுள்ள கட்டை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சிலர் வாட்டம் அதிகமானால் நல்லதுதானே என்று செங்குத்தாகச் சரித்துவிடுகிறார்கள். தண்ணீர் மட்டும் முந்திக்கொண்டு ஓடிவிடும், மற்றது பின்னால் தங்கிக் காயும். திருப்பம் வேண்டிய இடத்தில் 90 டிகிரி பெண்ட் ஒன்றுக்குப் பதில் 45 இரண்டு. கிடையாகப் போகும் பைப்புக்கு மீட்டருக்கு ஒரு கிளாம்ப்.

பிவிசியும் பிவிசியும் சேரும் இடத்தில் ஒட்டும் வகையும் உண்டு, ரப்பர் ரிங் வகையும் உண்டு. வெயில் படும் சுவரில் ஒரு ஜாயிண்டாவது ரிங் வகையாக இருக்கட்டும். அதில் பைப்பை முட்டும் வரை தள்ளி, விளிம்பில் ஒரு கோடு போட்டு, அப்புறம் 10 மில்லிமீட்டர் வெளியே இழுத்து விடுங்கள். நீள்வதற்கு அதுதான் இடம். முனையை அரத்தால் சரித்துச் சீவாமல் தள்ளினால் ரிங் புரண்டு உள்ளே மடங்கிக்கொள்ளும், அது வெளியே தெரியவும் தெரியாது.

சோதனை

மேல்வீட்டு வால்வுகளைத் திறக்கும் முன் உங்கள் கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். ஒவ்வொரு ஜாயிண்டையும் சுற்றிக் காய்ந்த செய்தித்தாளை அழுத்திப் பாருங்கள், கைக்குத் தெரியாத ஈரத்தைக் காகிதம் காட்டிவிடும். அப்புறம் மேலே போய் ஒவ்வொரு மாடியாக ஃப்ளஷ் பண்ணச் சொல்லி மறுபடி பாருங்கள், மேலிருந்து விழும் தண்ணீரின் அடி வேறு. உங்கள் கழிப்பறைக் கோப்பையில் நிற்கும் தண்ணீர் அப்போது குலுங்கினால் பயப்பட வேண்டாம். மட்டம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தாலோ, உங்கள் தரை டிராப் களக் களக்கென்று சத்தம் போட்டாலோ வெண்ட் போதவில்லை என்று அர்த்தம். கவுலை மறுபடி பாருங்கள், அது சுத்தமாக இருந்தால் கிளைக்குத் தனி வெண்ட் வேண்டும், அதற்கு ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

டக்ட்டை ஜாயிண்ட் தெரியாதபடி பூசி மூடச் சொல்லிக் கொத்தனார் கேட்பார். வேண்டாம். ஒரு மாதம் கழித்து ஸ்க்ரூடிரைவரோடு போய் நாலு கிளிப்பையும் அரைச் சுற்று இறுக்கிவிட்டு வர வேண்டும், ரப்பர் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கிளிப் முக்கால் சுற்று வாங்கியது. வெட்டி எடுத்த இரும்புத் துண்டைக் கழுவிப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டேன். சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுத்த ஈயம் மட்டும் மூடி இறுக்கிய பாட்டிலில் பரணில் இருக்கிறது, பேரன் கைக்கு எட்டாத உயரத்தில்.